ஆணி அடிக்கத் தடையில்லாத வீடு: டிராகனை விட்டுவிட்டு ஏன் எல்லோரும் கேமில் வீடு கட்டுகிறார்கள்?

பெசன்ட் நகரில், அறுபடை வீடு கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் இரண்டாவது மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறோம். சாவி கொடுத்த அன்றைக்கே ஹவுஸ் ஓனர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: "தம்பி, எது வேணா பண்ணிக்கோங்க. சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. காலண்டர் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்தபடி நிற்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுத் தொங்குகிறது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய சாமி படம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ரூம்மேட் ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் எதையோ தீவிரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பனிமலை அடிவாரத்தில் ஒரு கொல்லன் பட்டறை. அதன் முன்னால் கவசம் போட்ட அவனுடைய வீரன், சுத்தியலோடு.

"என்னடா பண்றே?"

"ஆணி பண்றேன் மச்சி. வீடு கட்டணும்."

வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு, வீக்கெண்டில் உட்கார்ந்து ஆணி செய்கிறான்! அந்தக் கேமின் பெயர் ஸ்கைரிம். கதைப்படி உலகத்தை அழிக்க டிராகன்கள் திரும்பி வந்துவிட்டன, காப்பாற்ற வேண்டியது அவன்தான். டிராகன் காத்திருக்கிறது. இவனுக்கு லைப்ரரிக்கு அலமாரி போட வேண்டும்.

இது அவன் ஒருவனுடைய கிறுக்கு இல்லை. ஃபேன்டஸி ரோல்-பிளேயிங் கேம்கள் விளையாடுகிறவர்களில் ஒரு பெரிய கூட்டமே இப்படித்தான் இருக்கிறது. வாளை ஓரமாக வைத்துவிட்டு விரிப்பு எந்த நிறத்தில் போடலாம் என்று யோசிக்கிற கூட்டம். இதில் அப்படி என்ன இருக்கிறது? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

அது என்ன 'பிளேயர் ஹோம்'?

கேம் உலகத்துக்குள் நம் கதாபாத்திரத்துக்கென்று இருக்கும் சொந்த வீடுதான் பிளேயர் ஹோம். தொடக்கத்தில் இதன் வேலை ரொம்ப சிம்பிள். குகை குகையாகப் போய் அள்ளிய வாள், கேடயம், மருந்துக் குப்பிகளையெல்லாம் தூக்கிக்கொண்டே திரிய முடியாது. அவற்றைப் போட்டுவைக்க ஒரு பெட்டி வேண்டும். தூங்க ஒரு கட்டில் வேண்டும். அவ்வளவுதான்.

2011 நவம்பர் 11 அன்று வெளியான ஸ்கைரிமிலும் முதல் வீடு அப்படித்தான். வைட்ரன் என்ற ஊரில் 'பிரீஸ்ஹோம்' என்று ஒரு சின்ன வீடு, விலை 5,000 பொற்காசு. வாங்கிய பிறகு கிச்சன், படுக்கையறை, சாப்பாட்டு அறை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்தால், அரண்மனைக் கணக்குப்பிள்ளை ஏற்பாடு செய்துவிடுவார். நம் ஊர் பில்டர்கள் விற்கும் 'இன்டீரியர் பேக்கேஜ்' மாதிரியேதான். மேஜையை எங்கே போடுவது என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

2012 செப்டம்பரில் 'ஹார்த்ஃபயர்' என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது கதை மாறியது. மூன்று இடங்களில் காலி மனை வாங்கலாம். ஒவ்வொன்றும் 5,000 பொற்காசு. அதில் ஒரு மனையில் எழும் வீட்டுக்குப் பெயர் 'லேக்வியூ மேனர்'. பெயரைக் கேட்டாலே ஓ.எம்.ஆர். ரியல் எஸ்டேட் விளம்பரம் ஞாபகம் வரும்!

மனை வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை. மரம் அறுக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும், களிமண் தோண்ட வேண்டும். இரும்புக் கட்டியை உலையில் போட்டு ஆணி, கீல், பூட்டு எல்லாம் நாமே செய்ய வேண்டும். ஒரு இரும்புக் கட்டிக்கு 10 ஆணி. முதலில் ஒற்றை அறை, பிறகு பெரிய ஹால், அதற்குப் பிறகு மூன்று பக்கமும் மூன்று இறக்கைகள்.

இங்கேதான் ஒரு அழகான சிக்கல். ஒவ்வொரு இறக்கைக்கும் மூன்று தேர்வுகள் இருக்கும், ஒன்றைத்தான் எடுக்கலாம். கிழக்குப் பக்கம் லைப்ரரி கட்டினால் கிச்சன் இறக்கை கிடையாது, ஆயுத அறையும் கிடையாது. கணக்குப் போட்டால் மொத்தம் 27 விதமான வீடுகள். என் ரூம்மேட் லைப்ரரியா கிச்சனா என்று முடிவெடுக்கவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். நிஜத்தில் அவன் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நிஜ கிச்சனில் அவன் மேகி தவிர எதுவும் செய்ததில்லை. கடைசியில் லைப்ரரிதான் ஜெயித்தது.

எங்கே ஆரம்பித்தது இது?

இணையத்தில் பல ஆயிரம் பேர் ஒன்றாக விளையாடும் கேம்களில் வீடு என்ற விஷயத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது 1997 செப்டம்பரில் வெளியான 'அல்டிமா ஆன்லைன்'. அதில் வீடு தனி உலகத்தில் இருக்காது. எல்லோரும் நடமாடும் அதே காட்டில், அதே சாலையோரத்தில் இருக்கும். நீங்கள் கட்டினால் அந்த இடம் உங்களுக்கு. அடுத்தவர் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

விளைவு நமக்குப் பழக்கமான ஒன்றுதான், நிலம் தீர்ந்துபோனது. கட்டிய வீடுகளை ஈபேயில் நிஜ டாலருக்கு விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. அதோடு முடியவில்லை. உரிமையாளர் ரொம்ப நாள் எட்டிப் பார்க்காத வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதிலமாகும். 'இடியும் நிலையில் உள்ளது' என்ற கட்டத்துக்கு வந்துவிட்டால், சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். இடிந்த நொடியில் உள்ளே இருக்கும் பொருள் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவருக்கு. காலியான மனையும் முந்துகிறவருக்கு.

வீட்டை மட்டுமே மையமாக வைத்து வந்த பெரிய ஹிட், 2000-ல் வெளியான 'தி சிம்ஸ்'. இது ஃபேன்டஸி ரோல்-பிளேயிங் வகை இல்லை. ஆனால் இதன் பின்கதையைச் சொல்லாமல் போக முடியாது. இதை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு, 1991-ல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் பரவிய பெருந்தீயில் எரிந்துபோனது. எல்லாவற்றையும் இழந்து, தட்டு டம்ளரிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி வாங்கிச் சேர்த்த அனுபவத்தில்தான் இந்த ஐடியா பிறந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு கரையோரம் வீட்டைக் கழுவி, மெத்தையைத் தூக்கிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 'ஒரு வீட்டுக்கு நிஜமாகவே என்னென்ன வேண்டும்?' என்ற கேள்வி, வீடு போன பிறகுதான் சரியாகப் புரியும்.

அலங்காரத்தால் விளையாட்டில் லாபம் உண்டா?

சில கேம்களில் உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த 'வால்ஹெய்ம்' இதற்கு நல்ல உதாரணம். வைக்கிங் பின்னணியில் நடக்கும் உயிர்பிழைப்பு விளையாட்டு. வீட்டில் அடுப்பு, நாற்காலி, விரிப்பு, கொடி என்று சேர்க்கச் சேர்க்க 'சௌகரிய' மதிப்பெண் ஏறும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும், நன்றாக ஓய்வெடுத்த தெம்பு ஒரு நிமிஷம் கூடுதலாக நீடிக்கும். அந்தத் தெம்பு இருந்தால் வெளியே சண்டையில் மூச்சு சீக்கிரம் திரும்பும். அதாவது தரையில் ஒரு மான் தோல் விரித்தால், காட்டில் உயிர் பிழைக்க வாய்ப்பு கூடுகிறது. ஒரே வகைப் பொருளை இரண்டு வைத்தால் இரட்டை மதிப்பெண் வராது. வீட்டில் கொஞ்சம் எல்லாமே இருக்க வேண்டும்.

போனிலேயே விளையாடுகிறவர்களுக்குத் தெரிந்தது 'கென்ஷின் இம்பாக்ட்'. 2021 ஏப்ரலில் அதில் 'செரினிட்டி பாட்' வந்தது. ஒரு தேநீர்க் குடுவை, அதற்குள் நுழைந்தால் ஒரு தனி உலகம், அங்கே உங்கள் மாளிகை. மரம் தட்டிக் கட்டை சேர்த்து ஃபர்னிச்சர் செய்யலாம். உங்கள் கதாபாத்திரங்களை அங்கே குடியமர்த்தினால், அவர்களுடனான நட்பு மதிப்பும் தானாக வளரும். அலங்காரத்தின் மதிப்பு ஏறினால், அங்கே கிடைக்கும் காசும் வேகமாகச் சேரும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த லாபத்துக்காக மட்டும் யாரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஜன்னல் ஓரம் பூந்தொட்டி வைப்பதில்லை.

கொலு வைக்கிறவர்களுக்கு இது புரியும்

அலங்கரிப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கேம் கொடுக்கும் பொருளை, கேம் நினைக்காத விதத்தில் பயன்படுத்துவதுதான் அவர்கள் திறமை.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' 2017 பிப்ரவரியில் வீடுகளைக் கொண்டுவந்தபோது, பொருட்களை எந்தக் கோணத்திலும் திருப்பவும், அந்தரத்தில் நிறுத்தவும், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகவும் அனுமதித்தது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். மேஜையைத் தலைகீழாகப் போட்டால் கூரை. புத்தக அலமாரியை வரிசையாக நிறுத்தினால் தடுப்புச் சுவர். ஒரு தட்டைச் சுவருக்குள் பாதி புதைத்தால், வெளியே தெரியும் பாதி ஒரு வளைவு அலங்காரம். அதேசமயம் எல்லையும் இருந்தது. ஆரம்பத்தில் மிகப் பெரிய மாளிகைகளிலேயே 350 பொருட்கள்தான் வைக்கலாம், மாதச் சந்தா கட்டினால் 700. எனவே ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். சர்வர் தாங்க வேண்டும், பார்க்க வருகிறவரின் கம்ப்யூட்டரும் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரம்பு.

ஸ்கைரிமில் கஷ்டம் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு, தட்டினால் விழும். ஒரு பாலாடைக்கட்டியை அலமாரியில் நேராக வைக்கப் பத்து நிமிஷம் போராடுவீர்கள். அடுத்த முறை கதவைத் திறந்து உள்ளே போனால், நில அதிர்வு வந்த மாதிரி மேஜை மேல் இருந்ததெல்லாம் தரையில் கிடக்கும். ஆனாலும் மறுபடி எடுத்து வைப்பார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு நவராத்திரிதான் ஞாபகம் வந்தது. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பொம்மை வாங்கி, ஒற்றைப்படையில் படி கட்டி, கீழே ஒரு பார்க் போடுவார்கள் இல்லையா? அந்தப் பார்க்கில் உடைந்த கண்ணாடி குளமாகும். முளைவிட்ட கேழ்வரகும் வெந்தயமும் புல்வெளியாகும். தீப்பெட்டி பெஞ்சாகும். பொம்மை ரயில், பிளாஸ்டிக் மாடு, கிரிக்கெட் வீரர் என எது கையில் இருக்கிறதோ அது ஊராகும். அளவு பொருந்தாது, மாடு பஸ்ஸைவிடப் பெரிதாக இருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் 'இது எப்படிப் பண்ணீங்க?' என்று கேட்டால் போதும், அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும். கேமில் வீடு கட்டுகிறவர்களும் நண்பர்களை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். வெற்றிலை பாக்கு, சுண்டல் மட்டும்தான் பாக்கி.

அங்கேயும் குலுக்கல்தான்!

கற்பனை உலகம்தானே, அங்கேயாவது எல்லோருக்கும் வீடு கிடைக்குமா? இல்லை. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 'ஃபைனல் ஃபேன்டஸி 14'.

இந்த கேமில் வீடுகள் வார்டு வார்டாக இருக்கும். ஒரு வார்டுக்கு 60 மனை, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. விளையாடுகிறவர்களோ லட்சக்கணக்கில். ஒரு மனை காலியானால் அது எப்போது விற்பனைக்குத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு காலத்தில் மனையின் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டமாக நின்று, மணிக்கணக்கில் கிளிக் செய்துகொண்டே இருப்பார்கள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, கிளிக் மட்டும்தான்.

2022 ஏப்ரலில் இதற்குத் தீர்வாக ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. முதல் சுற்றிலேயே சில மனைகளுக்கு வென்ற எண் '0' என்று வந்து பெரிய குழப்பமானது. பிறகு சரிசெய்தார்கள்.

பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. இந்தப் பகுதியே தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து, குடியிருப்பு கட்டி வளர்ந்ததுதான். விண்ணப்பம் அதிகம், வீடு குறைவு என்றால் வாரியம் குலுக்கல் போடும். சீட்டு எடுக்கிற அரங்கில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்த கதையை உங்கள் தாத்தாவோ மாமாவோ சொல்லியிருக்கலாம்.

கிடைத்த வீட்டைத் தக்கவைப்பதும் எளிதில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் 45 நாட்கள் வீட்டுக்குள் காலடி வைக்காவிட்டால், வீடு தானாக இடிக்கப்பட்டுவிடும். இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது இதன் நியாயம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பவர், வேலை போனதால் சந்தா கட்ட முடியாதவர் எல்லோருக்கும் அதே 45 நாள்தான். இதனால் 2020-ல் கொரோனா வந்தபோதும், 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபோதும் நிறுவனம் இந்த இடிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. யோசித்துப் பாருங்கள், நிஜ உலகத்தில் போர் நடப்பதால் கற்பனை வீட்டுக்குத் தடை உத்தரவு!

இதைப் பார்த்துப் பாடம் கற்ற கேமும் இருக்கிறது. 2004-ல் ஆரம்பித்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வீடு கேட்டுக் கெஞ்சிய ரசிகர்களை 21 வருஷம் காத்திருக்க வைத்தது. 2025 டிசம்பரில்தான் முதல்கட்டமாகக் கதவு திறந்தது. ஆனால் பிளிஸார்ட் நிறுவனம் முன்கூட்டியே சொன்னது இது: குலுக்கல் கிடையாது, எட்டாத விலை கிடையாது, சந்தா விட்டுப்போனதற்காக வீட்டைப் பிடுங்குவதும் கிடையாது. விரும்புகிற எல்லோருக்கும் வீடு. சுமார் 50 மனைகள் கொண்ட தெருக்களாக அமைத்து, தெரு நிறைந்தால் இன்னொரு தெருவை உருவாக்கிக்கொள்கிறார்கள். கணினிக்குள் நிலத்துக்குப் பஞ்சம் என்பது இயற்கை இல்லை, அது யாரோ எடுத்த முடிவு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

உளவியலில் 'ஐகியா எஃபெக்ட்' என்று ஒன்று உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சான், டேன் ஏரியலி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அது. தாங்களே பூட்டிய பெட்டிக்கும், தாங்களே மடித்த காகித உருவத்துக்கும் மக்கள் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். கோணல்மாணலாக மடித்த காகிதத் தவளையைக்கூட, நிபுணர் செய்ததற்குக் கிட்டத்தட்ட இணையாக நினைத்தார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: வேலையை முடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தப் பாசம் வராது.

ஆணியை நாமே செய்த வீடு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆனால் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது.

என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த ஊரில் வீடு என்றால் 11 மாத அக்ரிமென்ட். பேச்சிலர் என்றால் பாதி வீட்டுக் கதவு திறக்காது. திறந்த வீட்டில் சுவரின் நிறம் நம்முடையது இல்லை, கர்ட்டன் கம்பி இருக்கிற இடம் நம்முடையது இல்லை. எலியட்ஸ் பீச் பக்கம் சொந்த ஃபிளாட் விலையைக் கேட்டால், அது ஃபேன்டஸி கேமைவிடப் பெரிய ஃபேன்டஸி. 'எனக்கு என்ன மாதிரி வீடு பிடிக்கும்?' என்று யோசித்துப் பார்க்கவே நமக்கு இடம் கிடைப்பதில்லை. கேம் அந்த இடத்தைக் கொடுக்கிறது. தனக்கு மரக்கூரையும், ஜன்னல் ஓர நாற்காலியும், நிறையப் புத்தக அலமாரியும்தான் பிடிக்கும் என்பதை என் ரூம்மேட் தெரிந்துகொண்டதே ஸ்கைரிமில்தான்.

இது தப்பித்தல் இல்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் தப்பித்தல்தான். ஆனால் வாடகை வீட்டில் ஒரு சின்னச் செடி வைப்பதும் அதே ஆசையின் இன்னொரு வடிவம்தானே?

சிற்றில் கட்டிய ஊர் இது

விளையாட்டு வீடு கட்டுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால், தமிழ் இலக்கியம் சிரிக்கும். சிறுமிகள் மணலில் கட்டும் குட்டி வீட்டுக்குச் 'சிற்றில்' என்று தனிப் பெயரே இருக்கிறது. கலித்தொகையிலேயே அது வருகிறது, அதைக் காலால் உதைத்துக் கலைக்கும் பையனும் வருகிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுக்க, கட்டிய சிற்றிலைக் கலைக்காதே என்று கண்ணனிடம் முறையிடுவதுதான். பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்கான பத்துப் பருவங்களில் ஒன்றுக்குப் பெயரே 'சிற்றில் சிதைத்தல்'.

நெல்லை, தூத்துக்குடி பக்கம் இன்றும் தை மாதத்தில் 'சிறுவீட்டுப் பொங்கல்' உண்டு. பெண் பிள்ளைகளுக்காக வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, கோலம் போட்டு, அங்கேயே பொங்கல் வைப்பார்கள். வீடு சின்னதுதான், ஆனால் பொங்கல் நிஜம். விளையாட்டு வீட்டைப் பெரியவர்களும் மதித்துப் பண்டிகையாகக் கொண்டாடிய ஊர் நாம்.

அந்தப் பாடல்களில் சிறுமிகளுக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். 'கஷ்டப்பட்டுக் கட்டினேன், யாராவது வந்து கலைத்துவிட்டால்?' ஆன்லைன் கேம்களில் அந்தப் பயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்த வீடு உண்மையில் யாருக்குச் சொந்தம்?

நேரடியான பதில்: பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. ஆன்லைன் கேமில் நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். சர்வர் நிறுவனத்துடையது. அவர்கள் சுவிட்சை அணைத்தால் வீடும் அணைந்துவிடும்.

'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ்' கேமில் விளையாடுகிறவர்கள் வீடு மட்டுமல்ல, ஊரே கட்டினார்கள். 2011 டிசம்பர் 15-ல் அது மூடப்பட்டது. வானத்தில் மிதக்கும் மனைகளோடு, வீட்டு அலங்காரத்துக்காகவே பாராட்டப்பட்ட 'வைல்ட்ஸ்டார்' 2014-ல் வந்து 2018 நவம்பர் 28-ல் மூடப்பட்டது. அங்கே வருஷக்கணக்கில் அடுக்கிய அறைகள் இன்று ஸ்கிரீன்ஷாட்களில் மட்டும்தான் இருக்கின்றன.

இதை எதிர்த்துக் குரல்கள் எழுந்திருக்கின்றன. 2024-ல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர் நிறுத்தப்பட்ட பிறகு, 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. விற்ற கேமை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட ஏதாவது வழி விட்டுப்போக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஸ்கைரிம், வால்ஹெய்ம் போன்றவற்றில் நிலைமை பரவாயில்லை. இன்டர்நெட் இல்லாமலே விளையாடலாம். உங்கள் வீடு ஒரு ஃபைலாக உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது.

நீங்களும் குடியேறப் போகிறீர்களா?

ஆசை வந்துவிட்டதா? இந்த ஐந்தை மட்டும் மனதில் வையுங்கள்.

1. முதல் நாளே மாளிகை வேண்டாம். ஒற்றை அறையில் ஆரம்பியுங்கள். சின்ன இடத்தை நிரப்பக் கற்றுக்கொண்டால் பெரிய இடம் தானாக வரும்.

2. 'இந்த வீட்டில் யார் இருக்கிறார்?' என்று முதலில் கேளுங்கள். மருந்து காய்ச்சும் கிழவி வீடும், ஓய்வு பெற்ற சிப்பாய் வீடும் ஒரே மாதிரி இருக்காது. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

3. விளக்கைக் கடைசியில் வைக்காதீர்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிட்டுப் பொருட்களை அடுக்குங்கள்.

4. நிஜப் பணத்துக்கு விற்கும் நாற்காலி, கம்பளம் விஷயத்தில் மாத பட்ஜெட் ஒன்றை முன்கூட்டியே போடுங்கள். கேமுக்குள் காசு 'கிரிஸ்டல்', 'கிரவுன்' என்று வேறு பெயரில் வரும்போது கை தாராளமாகிவிடும். வாங்குவதற்கு முன் ரூபாயில் கணக்குப் போடுங்கள்.

5. ஆன்லைன் கேம் என்றால் அடிக்கடி ஸ்கிரீன்ஷாட், வீடியோ எடுத்து வையுங்கள். ஆஃப்லைன் என்றால் சேவ் ஃபைலை வேறொரு இடத்தில் காப்பி வையுங்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டுக்கு வருவோம்

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த வாரத்தில் ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். கட்டடம் பழசாகிவிட்டது, எல்லா ஓனர்களும் சேர்ந்து பில்டரிடம் கொடுக்கப் போகிறார்கள், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது முப்பது வருஷ வீடு. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ரூம்மேட் தன் சேவ் ஃபைலைப் பென்டிரைவில் காப்பி எடுத்தான். "என் வீட்டை நான் பேக் பண்ணிட்டேன் மச்சி" என்றான். லேக்வியூ மேனரில் லைப்ரரி முடிந்துவிட்டது. டிராகன் இன்னும் காத்திருக்கிறது.

மறுநாள் காலையில் படியில் ஓனரைப் பார்த்தபோது, தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "சார், எப்படியும் இடிக்கத்தானே போறாங்க... ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அடிச்சுக்கோங்க தம்பி. சுத்தியல் இருக்கா, தரட்டா?"

அம்மா கொடுத்த படம் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் அங்கேதான் இருக்கும்.